இங்கே ஹெஸ்டர்

"வரக் கூடாது," என்றாள் ஹெஸ்டர். "காலின், எனக்கு வரவே கூடாது."

மழைக்கோட்டுகளை வாங்கி மாட்டிவைக்கும் பெண்ணின் முன்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். என் மனைவி ஒரு கையைக் கோட்டிலிருந்து உருவிவிட்டு மறு கையை உருவ மறந்து நின்றாள். லண்டனில் பெரிய நூலகம் ஒன்றின் கீழ்த்தளம். இத்தாலிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த புத்தகங்களில் சிறந்ததற்குக் கொடுக்கிற பரிசு. கடைசிப் பட்டியலில் ஐந்து பேர். மற்ற நான்கு பேரும் உள்ளே ஒயின் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி என்ற முகத்தோடு, வர வேண்டும் வர வேண்டும் என்று உள்ளுக்குள் தவித்துக்கொண்டிருந்தார்கள். என்னுடையவள் மட்டும் இப்படி. நான் கார் ஓட்டும் உரிமத்துக்குத் தேர்வு வைக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். என் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தவர்களில் ஒருவர்கூடத் தேறக் கூடாது என்று வேண்டிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

"வராது, விடு," என்றேன். "உன் மூஞ்சி பரிசு வாங்குற மூஞ்சியாவா இருக்கு?"

"நெஜமாவா?"

"பல்லு புடுங்க வந்தவ மாதிரி இருக்க."

அது அவளுக்குக் கொஞ்சம் தெம்பு கொடுத்திருக்க வேண்டும். மறு கையையும் உருவிக் கோட்டைக் கொடுத்தாள்.

எங்கள் தலையில் இது எப்படி வந்து விடிந்தது என்று சொல்ல வேண்டுமானால் ஒத்தாவியோவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வெனிஸுக்குத் தெற்கே உப்பங்கழியில் விலாங்கு மீன் பிடிக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றி ஏழு பாகங்களில் நாவல் எழுதப் புறப்பட்ட மனிதர் அவர். முதல் பாகம் ஹெஸ்டரிடம் வந்தது ரோரி போன மறு வருடம். ரோரி எங்கள் மகன். ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டான். அதைப் பற்றி இவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். வீட்டிலும் நாங்கள் இதற்கு மேல் பேசியதில்லை. அவளுக்குக் கையையும் மூளையையும் எதிலாவது போட்டு அமுக்கிவைக்க வேண்டியிருந்தது. புத்தகம் நல்லதா கெட்டதா என்றுகூடப் பார்க்காமல், ஏழு பாகத்துக்கும் சேர்த்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். பதிப்பகம் தொடரை வெளியிடுகிற வரை அவள்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்று அதில் இருந்தது. அப்போது அது பெரிய ஆறுதலாகத் தெரிந்தது.

புத்தகம் கெட்டதுதான். கெட்டது என்றால், நல்ல மனசுள்ள கெட்டது. ஒருத்தி வீட்டை விட்டுப் போக நான்கு பக்கம் அழுவாள். ஐந்தாம் பக்கத்தில் மழை வந்து அதுவும் அழும். மொழிபெயர்ப்பாளர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மூலத்தில் புரியாத இடங்களையும் இடிக்கிற இடங்களையும் கேள்விகளாக எழுதி ஆசிரியருக்கு அனுப்புவார்கள். இந்தப் பெண் கதவைச் சாத்திவிட்டுப் போனாளா, திறந்துபோட்டுவிட்டுப் போனாளா என்று ஹெஸ்டர் கேட்டாள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று ஒத்தாவியோ பதில் எழுதினார். திறந்துதான் போட்டிருப்பாள், நாய் அந்தக் கதவருகே போய்ப் படுத்திருக்கும் என்று இவள் எழுதினாள். பிரமாதம், அப்படியே போடுங்கள் என்று அவர் எழுதினார். நான்கு பக்க அழுகை போய் நாய் வந்தது. இங்கிலாந்தில் விமரிசனம் எழுதியவர்கள் எல்லாரும் அந்த நாயைக் கொண்டாடினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டாம் பாகத்தில் கேள்விகள் கூடின, பதில்கள் குறைந்தன. மூன்றாவது பாகத்திலிருந்து ஒத்தாவியோ கோடைதோறும் எங்கள் ஊரான லட்லோவுக்கே வந்து எங்கள் வீட்டில் தங்க ஆரம்பித்தார். எங்களிடம் இருந்த ஒரே காலி அறை ரோரியின் அறை. அந்தச் சின்னக் கட்டிலில் காலை நீட்டினால் பாதம் வெளியே தொங்கும். காலையில் காபி கொடுக்கப் போனால் அந்தப் பாதங்கள்தான் முதலில் கண்ணில் படும். மனிதர் தன் காபிக் கெண்டியையும் பன்றி இறைச்சிச் சுருளையும் பெட்டியிலேயே கொண்டுவந்துவிடுவார், எங்கள் தேநீரைப் பார்த்து யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்பார், தோட்டத்து அவரைக்கொடிக்கெல்லாம் முத்தம் கொடுப்பார். வெறுக்கலாம் என்று பார்த்தால் வெறுக்கவும் முடியாது. அதுதான் தொல்லை.

நான்காவது பாகத்தில் அவர் ஒரு புது வேலை செய்தார். இத்தாலியில் அச்சாகும் முன்பே கைப்பிரதி ஹெஸ்டருக்கு வந்தது. அவள் கேள்வி என்ற பெயரில் எழுதி அனுப்பிய பக்கங்களையெல்லாம் அகராதியை வைத்துக்கொண்டு இத்தாலிய மொழியில் பெயர்த்துத் தன் புத்தகத்தில் சேர்த்துவிட்டார். ஆங்கிலம் அவருக்குப் பேச வராது; படிக்க வரும், நிதானமாகப் பேசினால் புரியும். ஆக, இத்தாலியர்கள் இன்று படிப்பது என் மனைவியின் ஆங்கிலத்துக்கு ஒத்தாவியோ செய்த மொழிபெயர்ப்பு. பரிசு நடுவர்கள் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிப்பார்கள். இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்த இரட்டைப் பிள்ளைகளாக இருந்தால் அவர்களுக்குப் பிடிக்காமல் போகுமா?

ஐந்தாம் பாகத்தின் கைப்பிரதி சென்ற இலையுதிர்காலத்தில் வந்தது. நான் சமையலறையில் உருளைக்கிழங்கு தோலைச் சீவிக்கொண்டிருந்தேன். ஹெஸ்டர் கட்டைப் பிரித்து நாலு தாளைப் புரட்டினாள். அப்புறம் அதை அப்படியே என் பக்கம் தள்ளினாள். பக்கத்தின் மேலே இரண்டு வரி. கீழே வெறும் வெள்ளைத்தாள். வெள்ளையின் நடுவில் பென்சிலால் அழகாக எழுதியிருந்தது: இங்கே ஹெஸ்டர். அடுத்ததைத் திருப்பினேன். கால் பக்கம் எழுத்து, பிறகு வெள்ளை, இங்கே ஹெஸ்டர்.

"பூரா இப்படியா?"

"பூரா இல்ல. சூரியன் மறையறத மட்டும் முழுசா எழுதியிருக்காரு."

"முடியாதுன்னு சொல்லிரு."

"சொன்னா? வேற ஒருத்தர்கிட்ட குடுப்பாங்க. அவரு இதத் தெறந்து பாப்பாரு. யாரு இந்த ஹெஸ்டர்னு தேடக்கூட வேணாம், பழைய அட்டைலயெல்லாம் பேரு இருக்கு. அப்பறம் முதல் பாகத்த எடுத்து ஒப்பிட்டுப் பாத்தாருன்னா, இத்தன வருஷமா நான் பண்ணது பூரா சந்திக்கு வந்துரும். எங்க தொழில்ல மூலத்துல கை வெச்சவளுக்குப் பேரு என்ன தெரியுமா?"

"என்ன?"

"பேரே கிடையாது. அதுக்கப்பறம் யாரும் அவளக் கூப்பிட மாட்டாங்க."

"அவருகிட்டயே சொல்லேன். நீங்களே எழுதித் தொலைங்கன்னு."

"போன்ல சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"அழுதாரு, காலின். எனக்கு இனிமே எழுத வராதுன்னு சொல்லி அழுதாரு. நாவலப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல, பாவம், அழாதீங்கன்னு சொல்லி வெச்சிட்டேன்."

சத்தம் போட்டு ஒரு 'மாட்டேன்' சொல்லத் தெரியாத ஊரில் பிறந்தவர்கள் நாங்கள். யாராவது எங்கள் காலை மிதித்தால் நாங்கள் மன்னிப்புக் கேட்போம். அந்த வெள்ளைத் தாள்களைப் பார்த்தபோது, காலி அறை என்று நாங்கள் விட்டுக்கொடுத்த அந்த ஒரு அறையோடு அந்த ஆள் நிற்கவில்லை என்று எனக்குத் தோன்றியது.

ஒரே ஒரு வழி இருந்தது. தொடரின் விற்பனை பாகத்துக்குப் பாகம் இறங்கிக்கொண்டு வந்தது. பதிப்பகமே நிறுத்திவிட்டால் ஹெஸ்டர் மறுக்கவும் வேண்டாம், ஒத்தாவியோ அழவும் வேண்டாம், வேறு யாரும் கைப்பிரதியைத் திறக்கவும் வேண்டாம். இந்தச் சமயத்தில்தான் எடின்பரோவில் ஒரு சிறிய பதிப்பகத்திலிருந்து அவளுக்கு ஒரு மெலிந்த புத்தகம் வந்தது. இத்தாலியில் திரியெஸ்தே நகரத்து மீன் சந்தையில் எடை போட்ட ஒரு பெண் எழுதியது. எழுதியவள் இறந்து ரொம்ப காலமாகிறது. ஹெஸ்டர் அதைப் படித்துவிட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தபோது நான் கல்யாணம் பண்ணிக்கொண்ட பெண்ணின் முகம் அவளிடம் இருந்தது. "ஒரு சொல்லுல கை வெக்க வேணாம், காலின்," என்றாள். "ஒரு சொல்லுலகூட. அந்தம்மா முன்னாடி நடந்து போறாங்க, நான் பின்னாடி பைய தூக்கிட்டுப் போனாப் போதும்." குளிர்காலம் முடிவதற்குள் அவள் பதில் சொல்ல வேண்டும்; ஐந்தாம் பாகம் நின்றால்தான் இதற்குக் கை ஒழியும். அந்தச் சமயம் பார்த்துத்தான் பரிசுப் பட்டியலில் நான்காம் பாகத்தின் பெயர் வந்தது.

அரங்கத்துக்குள் நுழைந்ததும் பதிப்பாசிரியை பெலிசிட்டி எங்களைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்திருக்கும் சுறுசுறுப்பான பெண். கெட்டவள் இல்லை.

"ஹெஸ்டர், இன்னிக்கு மட்டும் வந்துச்சுன்னா அஞ்சு, ஆறு, ஏழு மூணும் உறுதி. மேல பேசி முடிச்சிட்டேன். வரலேன்னா, உண்மையச் சொல்லணுமில்ல, தொடர இதோட நிறுத்தச் சொல்லிட்டாங்க. நல்லா வேண்டிக்குங்க."

"அதத்தான் பண்ணிக்கிட்டிருக்கேன்," என்றாள் ஹெஸ்டர்.

பெலிசிட்டியின் பின்னாலிருந்து ஒத்தாவியோ இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தார். ஒட்டக நிறக் கோட்டைக் கழற்றவே இல்லை. முதலில் என்னைத்தான் கட்டிக்கொண்டார். இத்தனை கோடைகள் ஒரே மேசையில் சாப்பிட்டதில் எனக்கு அவருடைய மொழி ஓரளவு காதில் ஏறிவிட்டிருந்தது.

"காலின்! என் சகோதரா! எளச்சிட்டியே. அவ உனக்குச் சோறு போடறதில்லையா?"

"நீங்க போனப்பறம் மிச்சம் இருந்தாத்தானே போடுவா," என்றேன்.

அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஹெஸ்டரின் இரண்டு கைகளையும் எடுத்து ஒவ்வொன்றாக முத்தமிட்டு, "தாயே, எனக்குப் பயமா இருக்கு. உனக்கு?" என்றார். "எனக்கும்," என்றாள் அவள். இருவரும் பயந்தது ஒன்றுக்கொன்று நேரெதிரான காரியங்களுக்கு என்பது அந்த மனிதருக்கு உறைக்கவே இல்லை.

நடுவர் குழுவின் தலைவர் உயரமான ஓய்வுபெற்ற பேராசிரியர். ஐந்து புத்தகங்களைப் பற்றியும் ஒவ்வொன்றாகப் பேசினார். கவிதைத் தொகுப்பொன்றை அவர் ரொம்ப நேரம் புகழ்ந்தார். ஹெஸ்டர் என் தொடையைக் கிள்ளினாள். எனக்கும் நம்பிக்கை வந்தது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இந்த வருடம் நடுவர்களுக்குள் விவாதமே இருக்கவில்லை என்றார். மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டார்களாம். ஓர் இடத்தில்கூட மொழிபெயர்ப்பாளர் தலைகாட்டவில்லையாம். ஆசிரியரின் குரலுக்கு முன்னால் தன்னை முழுமையாக அழித்துக்கொண்ட இப்படியொரு அடக்கத்தைத் தன் ஆயுளில் பார்த்ததில்லையாம். பேரைச் சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. என் கையிலிருந்த அவள் கை மெல்ல மெல்லக் கனத்தது.

கைதட்டல் எழுந்தது. ஒத்தாவியோ எழுந்து குதித்தார். "போ," என்றேன், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல். தேறிவிட்டீர்கள் என்று நான் சொல்லும்போது ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்திருக்கிறேன். சிலர் அழுவார்கள், சிலர் என்னைக் கட்டிப்பிடிக்க வருவார்கள். கதவு பூட்டிக்கொண்ட சத்தம் கேட்டவரைப் போல அப்படியே உட்கார்ந்திருந்த முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு அவள் எழுந்து, உடையை நீவிவிட்டுக்கொண்டு, புன்னகையோடு மேடைக்குப் போனாள். வளர்த்த விதம் அப்படி.

பரிசு பெற்ற புத்தகத்திலிருந்து நடுவர்கள் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பார்கள். ஆசிரியர் வந்திருந்தால் மூலத்தை அவர் வாசிப்பார், பின்பு மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் வாசிப்பார். நான்காம் பாகத்தை நான் படித்திருக்கவில்லை. எந்தப் பாகத்தையும் முப்பதாம் பக்கத்தைத் தாண்டி நான் படித்ததில்லை; தூக்கம் வந்துவிடும், ஹெஸ்டருக்கும் அது தெரியும். ஒத்தாவியோ புத்தகத்தை விரித்துத் தன் கரகரத்த குரலில் வாசிக்க ஆரம்பித்தார். துல்லியோ என்ற மீனவன், மகனைப் பறிகொடுத்தவன், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வலையைப் பழுதுபார்க்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். இதெல்லாம் எனக்குப் புரிந்தது. அவன் படகுத்துறைக்குப் போகவில்லை. மாதா கோவிலுக்குப் பின்னால் பையன்கள் பந்தாடும் திடலுக்குப் போகிறான். ஆரஞ்சு என்ற சொல் காதில் விழுந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பின்பு ஹெஸ்டர் வாசித்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. துல்லியோ நாலாக வகிர்ந்த ஆரஞ்சுகளைத் துணியில் முடிந்து கொண்டுபோகிறான். பாதி ஆட்டம் முடிந்ததும் கோட்டருகே நின்று முடிச்சை அவிழ்த்துப் பிடிக்கிறான். பையன்கள் ஓடிவந்து ஆளுக்கொன்று எடுத்துக்கொள்கிறார்கள். விஷயம் தெரியாத புது ஆள் ஒருவன், உன் பையன் எவன் என்று கேட்கிறான். மற்ற தகப்பன்கள் தரையைப் பார்க்கிறார்கள். அதோ அந்த ஓரத்தில் ஓடுகிறானே என்று துல்லியோ கையைக் காட்டுகிறான். வீட்டுக்கு வந்து சாம்பல் போட்டுக் கையைக் கழுவுகிறான். வலை சரியாச்சா என்று மனைவி கேட்கிறாள். கொஞ்சம் பாக்கி இருக்கிறது, அடுத்த வாரமும் போக வேண்டும் என்கிறான். சூப்பை அவன் முன் வைக்கும்போது அவன் கையில் ஆரஞ்சு வாசம் அடிக்கிறது. அவள் ஒன்றும் கேட்காமல் ரொட்டியைப் பிட்டுப் போடுகிறாள்.

அது உப்பங்கழி இல்லை. லட்லோவில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் பள்ளித் திடல். வலை இல்லை, நகராட்சியில் வாடகைக்கு எடுத்த காய்கறித் தோட்டத்தில் மண் கொத்தப் போகிறேன் என்றுதான் நான் சொல்லிவிட்டுப் போவேன். சிறுவர் குழு ஆடும்போது இடைவேளைக்கு ஆரஞ்சு கொண்டுவருவது தகப்பன்மார்களின் முறை. ரோரி போன பிறகும் என் முறையை யாரும் எடுத்துவிடவில்லை, நானும் விட்டுக்கொடுக்கவில்லை. அவனோடு ஆடிய பையன்கள் வளர்ந்து குரல் உடைந்து குழுவை விட்டுப் போகிற வரை போனேன். ஒருவரிடமும் சொன்னதில்லை. ஒரு புது ஆள் கேட்டதும், நான் கையை நீட்டிக் காட்டியதும்கூட உண்மை. அது ஹெஸ்டருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது. ஊர் சின்னது, யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்குக் கோபம் வந்தது, நன்றாகவே வந்தது. என் நெஞ்சுக்குள் நான் பூட்டிவைத்திருந்ததை எடுத்து, முன்பின் தெரியாத ஒரு மீனவனுக்கு உடுத்தி, ஒயின் குடிப்பவர்கள் முன்னால் நிறுத்திவிட்டாள். கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. இத்தனை வருடம் நான் தனியாக நின்றிருக்கவில்லை. பக்கத்திலிருந்தவர் கைக்குட்டையை நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.

ஒத்தாவியோ நன்றியுரை சொன்னார். அவர் பக்கத்தில் அரையடி பின்னால் தள்ளி நின்று ஹெஸ்டர் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். இப்படிக் கூட நின்று பெயர்த்துச் சொல்கிறவர்கள், அவர் சொன்னார் இவர் சொன்னார் என்று சொல்வதில்லை, பேசுகிறவராகவே பேசுவார்கள். "நான் விலாங்கு மீன் நாற்றத்தில் பிறந்தவன்," என்றாள் என் மனைவி. "என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் எழுதுவதெல்லாம் அவளுக்காக." கூட்டம் அவளைப் பார்க்கவே இல்லை, அவரைப் பார்த்து உருகியது. "ஐந்தாம் பாகத்தை ஏறக்குறைய முடித்துவிட்டேன்," என்றாள். பெலிசிட்டி முன்வரிசையில் எழுந்து நின்று கைதட்டினாள்.

கீழே இறங்கியதும் ஆளாளுக்கு வாழ்த்தினார்கள். ஒரு தூணுக்குப் பக்கத்தில் சில நொடிகள் எங்களை விட்டுவைத்தார்கள். அவள் கையில் பூங்கொத்து இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் எனக்கும் அவளுக்கும் நடுவில் பிடித்திருந்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றேன்.

"மொத ஞாயித்துக்கெழமைலேர்ந்து."

"ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா போறத நிறுத்தியிருப்ப."

அது உண்மைதான். நிறுத்தியிருப்பேன். "சரி. அத ஏன் அந்தாளுக்குக் குடுத்த?"

அவள் பூங்கொத்தின் காகிதத்தை நிமிண்டினாள். "அந்தப் பக்கத்துல அவரு, மகன் செத்துட்டான், தகப்பன் துக்கப்படறான்னு ஒரே வரியில முடிச்சிருந்தாரு. அத வெச்சுக்கிட்டு நாள்கணக்கா உக்காந்திருந்தேன். எனக்கு வேற தகப்பனத் தெரியாது, காலின்."

"இப்ப என்ன பண்ணப் போற?"

"எடின்பரோவுக்கு முடியாதுன்னு சொல்லணும்," என்றாள். "அதுக்கு மட்டும் முடியாதுன்னு சொல்ல வரும் பாரு எனக்கு."

அவளைத் தொடலாம் என்று கையை எடுத்தேன். அதற்குள் பெலிசிட்டி வந்து, கையெழுத்து மேசையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று அவளை இழுத்துக்கொண்டு போனாள். நானும் பின்னால் போனேன்.

மேசைக்குப் பின்னால் ஒத்தாவியோ உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஹெஸ்டர் அவர் தோளுக்குப் பின்னால் அதே அரையடித் தூரத்தில் போய் நின்றாள். வரிசையில் ஒரு பெண்ணின் முறை வந்தது. எங்கள் வயதுதான் இருக்கும். நீலத் தொப்பி, புத்தகத்தின் பக்கங்கள் ஓரம் மடிந்து பலமுறை படித்த அடையாளம் தெரிந்தது. புத்தகத்தை அவர் முன் வைத்தாள். ஆனால் விடவில்லை.

"இவருகிட்ட ஒண்ணு கேக்கணும், கேட்டுச் சொல்லுவீங்களா?" என்றாள் ஹெஸ்டரிடம். "எங்க பொண்ணு போனப்பறம் எங்க வீட்டுக்காரரு அவ பஸ் ஏறுற எடத்துல போயி காலையில நிப்பாரு. பஸ் வந்து, பிள்ளைங்க ஏறிப் போனப்பறம் திரும்பி வருவாரு. அவரு சாகற வரைக்கும் அதப் பத்தி நாங்க பேசினதில்ல. இந்த ஆரஞ்சு பக்கத்தப் படிச்சிட்டு என்னால எந்திரிக்கவே முடியல. இது இவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஹெஸ்டர் குனிந்து அதை இத்தாலிய மொழியில் சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும் முன்பே ஒத்தாவியோவுக்குப் புரிந்துவிட்டது. பேனாவை மூடினார். அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் துணிவு இல்லை; ஹெஸ்டரைத்தான் பார்த்தார். தணிந்த குரலில் சொன்னார், எனக்கு நன்றாகக் கேட்டது: "நீயே ஏதாவது சொல்லும்மா."

ஹெஸ்டர் நிமிர்ந்தாள். அந்தப் பெண் ஒத்தாவியோவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு பையன் இருந்தான்," என்றாள் ஹெஸ்டர். "ஒம்போது வயசு. ரோரின்னு பேரு."

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அவள் வாயால் கேட்டேன். அது இத்தாலியப் பெயரே இல்லை. அந்தப் பெண்ணுக்கு அது உறைக்கவில்லை. அவள் கண்கள் ஒத்தாவியோவை விட்டு நகரவில்லை.

"காய்ச்சல்னு படுத்தான். காலையில சரியாயிரும்னு நான்தான் சொன்னேன்," என்றாள் ஹெஸ்டர். "நான்தான் சொன்னேன், வீட்டுல வேற யாரும் சொல்லல. அதுக்கப்பறம் அவனப் பத்திப் பேச வாய் வரல. பேசினா, நீதானே சொன்னேன்னு ஆயிருமோன்னு பயம். வீட்டுல ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் மறைச்சுக்கிட்டே சாப்பிட்டோம், தூங்கினோம். அவன் ரூம வேற ஒருத்தருக்குக் குடுத்தோம். இப்பவும் அந்தக் கதவத் தாண்டிப் போறப்ப மூச்சப் புடிச்சுக்கிட்டுத்தான் போவேன்."

அவள் குரல் உயரவில்லை, உடையவும் இல்லை. மேடையில் பேசிய அதே குரல். நீயில்லை ஹெஸ்டர், டாக்டரும் அதையேதான் சொன்னார் என்று கத்த எனக்கு வாய் வந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? எல்லாருடைய கண்ணுக்கும் பேசிக்கொண்டிருந்தவர் ஒத்தாவியோ.

அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்தக் கட்டிலில் கால் தொங்கப் படுத்த கோடைகளெல்லாம் அவருக்கு இப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது, துடைக்கவில்லை. நீலத் தொப்பிக்காரி மேசையைச் சுற்றி வந்து, குனிந்து, அவருடைய பெரிய கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"அது உங்க தப்பு இல்ல," என்றாள் அவரிடம். "கேளுங்க. அது உங்க தப்பே இல்ல."

சொல்லிவிட்டு, பெயர்த்துச் சொல்லச் சொல்லி ஹெஸ்டரை நிமிர்ந்து பார்த்தாள். என் மனைவி அவர் காதருகே குனிந்தாள். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் அதை அவருக்கு இத்தாலிய மொழியில் சொன்னாள்.